ஓதமேறின செவுத்துல ஆணி நிக்காது

அந்தப் பெரியம்மா வீட்டில் அம்பேத்கர் படம் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. "ஏன் பெரிம்மா, படத்த கீழ வச்சிருக்கிற?" என்று கேட்டேன். "ஆணி நிக்கலடா தம்பி. மூணு எடத்துல அடிச்சிப் பாத்துட்டேன். அடிக்க அடிக்க செவுரு மாவா கொட்டுது" என்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காரை விரலோடு வந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தது. மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில், கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம். இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். மகளின் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பட்டா எல்லாமே ஓரம் நைந்து, புள்ளி விழுந்து, முக்கிப்போன அரிசி மாதிரி வாடை அடித்தது.

ஐப்பசி அடைமழை விட்டுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகளைப் பழுது பார்க்கலாமா, இடித்துக் கட்டலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். நான் சிவில் டிப்ளமா படித்தவன் என்பதால் காலனிப் பசங்கள் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி வந்தார். முப்பத்துச் சொச்சம் வீட்டை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். வாசலில் நின்று செல்போனில் ஒரு போட்டோ, பலகையில் நாலு எழுத்து, அடுத்த வீடு. எந்த வீட்டுக்குள்ளும் அவர் கால் வைக்கவில்லை. எந்தச் சுவரையும் தொடவில்லை. ஓதம் இருப்பது பின் சுவரில். பூஞ்சணம் இருப்பது படுக்கிற மூலையில். வாசலில் நின்றால் அது எப்படித் தெரியும்? ஆனாலும் அவர் குறிப்பு எழுதினார்: 'குடியிருப்போர் முறையாகப் பராமரிக்கவில்லை.' போகும்போது வாயாலும் சொல்லிவிட்டுப் போனார்: "கட்டிக் குடுத்தா மட்டும் போதுமா? வச்சிக்கத் தெரியணுமில்ல?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்.

முதலில் சுவரைப் பேசுவோம். ஒரு வீட்டுக்குள் ஈரம் மூன்று வழியாக வருகிறது. ஒன்று, கீழேயிருந்து. செங்கல்லும் கலவையும் கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். பெரும்பாலும் மூன்றடி, கொஞ்சம் முன்னே பின்னே ஏறி அங்கே நிற்கும். தண்ணீர் காற்றில் காய்ந்து போகும், அது கொண்டு வந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடும். உப்பு உறைந்து பெருக்கும்போது பூச்சைத் தள்ளும், காரை கொட்டும். இரண்டு, மேலேயிருந்து. தளத்தில் வாட்டம் இல்லாமல் தண்ணீர் தேங்கினால் கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைப் பிடிக்கும். கம்பி துருப்பிடித்தால் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலே பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். தூங்குகிற குழந்தை மேல் விழுவது அதுதான். மூன்று, உள்ளேயிருந்து. ஒரே அறையில் சோறு பொங்கி, துணி உலர்த்தி, ஐந்து பேர் மூச்சு விட்டால் அந்த நீராவி வெளியே போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் குளிர்ந்த மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணம் முளைப்பது அங்கேதான்.

பூஞ்சணத்தின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. அக்கிரகாரத்துக் காற்றிலும் இருக்கிறது, அதிகாரியின் குவார்ட்டர்ஸ் காற்றிலும் இருக்கிறது. அது சாதி பார்த்து முளைப்பதில்லை, ஈரம் பார்த்து முளைக்கிறது. யார் வீட்டில் ஈரம் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வதுதான் சாதி.

எப்படி என்று கேட்பீர்கள். நிலத்திலிருந்து தொடங்குவோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் துரத்திவிடலாம் என்ற நிலையை அந்த அறிக்கை அரசாங்கத்தின் முன் வைத்தது. அதன் பேரில் வந்ததுதான் 1892இன் பஞ்சமி நில உத்தரவு. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. ஏரி உடைந்தால் முதலில் தண்ணீர் வருவது நமக்கு, ஏரி நீர் கடைசியில் வருவதும் நமக்கு. பிறகு 1978இல் நமக்கு வீட்டு மனை எடுக்கவென்றே தனிச் சட்டம் போட்டார்கள். நல்லது. ஆனால் மேட்டு நிலத்தைக் கையகப்படுத்தினால் ஆதிக்க சாதிக்காரன் கோர்ட்டுக்குப் போகிறான். போகாத இடம் எது? நெல் விளையாத களர், வாய்க்கால் ஓரத் தாழ்வு, மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கிற மூலை. நான் பார்த்த காலனிகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட இடங்கள்தான். களர் மண்ணில் உப்பு இருக்கிறது. அந்த உப்புதான் இன்று பெரியம்மா வீட்டுச் சுவரில் பூத்திருக்கிறது. அவர் 'பராமரித்து' அந்த மண்ணை மாற்ற முடியுமா?

நிலம் தாழ்வு என்றால் பேஸ்மட்டத்தை உயர்த்தலாம். சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி உயரம் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பே சொல்கிறது. நாங்கள் டேப் வைத்து அளந்தோம். பெரியம்மா வீட்டு வாசலில் நாலு இன்ச். கட்டும்போது ஒன்றரை அடி இருந்ததோ இல்லையோ, அதற்கப்புறம் ரோடு மேல் ரோடாகப் போட்டுக்கொண்டே போனார்கள். "ரோடு ஏறிக்கிட்டே போவுது, வூடு எறங்கிக்கிட்டே போவுது" என்றார் ஒரு சித்தப்பா. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார். அது காலனித் தெருவுக்கு வந்து சேரவில்லை.

இனி நான் சொல்லப்போவது என் மேலேயே விழுகிற அடி. சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் வந்தது. முதலில் தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கென்றே வந்த திட்டம். அதன் விதியில் ஒப்பந்தக்காரருக்கே இடம் கிடையாது. பயனாளியே தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். 2016இல் அதன் இடத்தில் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்திலும் அதே விதிதான். காகிதத்தில் எவ்வளவு ஜனநாயகம் பாருங்கள்! நடந்தது என்ன? தொண்ணூறுகளில் டிப்ளமா முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த நான், ஒரு ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு சூப்பர்வைசராகப் போனேன். ஒரே இடத்தில் நாற்பது வீடு. பெயர் பயனாளியுடையது, வேலை ஒப்பந்தக்காரருடையது, கையெழுத்து ஓவர்சியருடையது, அளவு எழுதுகிற கை என்னுடையது.

அஸ்திவாரச் சுவர் தரைக்கு மேலே வந்ததும், அதன்மேல் ஒரு பட்டை போடவேண்டும். டி.பி.சி. என்று சொல்வோம். நெருக்கமான கலவையில் ஒன்று, ஒன்றரை இன்ச் கனம், நீர் புகா மருந்து கலந்து, மேலே தார் அடித்து. மண்ணின் ஈரம் சுவருக்கு ஏறாமல் வழியை அடைப்பது அதுதான். ஒரு வீட்டுக்கு அது பெரிய செலவே இல்லை. அந்த நாற்பது வீட்டில் ஒன்றுக்குக்கூட அது போடவில்லை. நாற்பதுக்கும் போட்டதாக அளவுப் புத்தகத்தில் எழுதினேன். "எழுதுடா, உங்காளுங்கதானே, என்னா கேக்கப் போறானுங்க" என்றார் அந்த ஒப்பந்தக்காரர். எழுதினேன். தளம் போட்டபின் ஏழு நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். அங்கே இரண்டு நாள்தான் நின்றது. அதையும் எழுதவில்லை, ஏனென்றால் அதற்குப் புத்தகத்தில் காலமே இல்லை. வாங்கின கூலியில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நாற்பது வீட்டில் இன்று ஓதம் இடுப்பு வரை நிற்கிறது. நான் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு பையனுக்கு மழைக்காலம் வந்தால் இளைப்பு, நெபுலைசர் வைக்க ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுக்குழல் கோளாறும் ஆஸ்துமாத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வழிகாட்டு நூல் போட்டிருக்கிறது. அந்தப் பையனின் அம்மாவிடம் டாக்டர் சொன்னாராம், "வீட்டைச் சுத்தமா வச்சிக்கங்க." அந்த அம்மா தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறாள், சுவரைப் பிளீச்சிங் போட்டுத் தேய்க்கிறாள். ஈரத்தை நிறுத்தாமல் பூஞ்சணத்தை மட்டும் துடைத்தால் ஒரு வாரத்தில் திரும்பி வரும். கடன் வாங்கி சுவரில் சிமெண்டுப் பூச்சும் பெயிண்டும் அடித்தாள். கீழே காய முடியாத ஈரம், அடைத்த இடத்தைத் தாண்டி இன்னும் மேலே ஏறி நிற்கிறது.

'பராமரிப்பு' என்ற சொல்லுக்கு இப்போது வருவோம். வீடு யார் கட்டியது என்று கேட்டால், விதிப்படி பயனாளியே கட்டியது. ஓதம் ஏன் வந்தது என்று கேட்டால், பயனாளி பராமரிக்காததால். பணத்தைத் தின்றவன் எந்தக் காகிதத்திலும் இல்லை. எல்லாக் காகிதத்திலும் இருப்பது நாம்தான், ஒன்றில் கட்டியவராக, இன்னொன்றில் கெடுத்தவராக. அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. 'இவங்களுக்கு வச்சிக்கத் தெரியாது' என்பது பொறியியல் இல்லை. அது நம் தாத்தன் காலத்திலிருந்து கேட்டுவருகிற 'அசுத்தம்' என்ற வசைதான், சட்டை மாற்றிக்கொண்டு படிவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்கிற ஊரில், ஏழைகளுக்கு வாடகைக்கு விடுகிற குடியிருப்பில், சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. வீட்டில் பூஞ்சணம் என்று 2017இலிருந்து புகார் சொல்லிவந்தார்கள். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். குளிக்கிற விதம், சமைக்கிற விதம் என்று அந்தக் குடும்பத்தின் பழக்கவழக்கத்தின் மேல் பழி போட்டார்கள். 2020 டிசம்பரில் அந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பூஞ்சணம்தான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அதன்பின் 2023இல் சட்டம் வந்தது. குழந்தையின் பெயராலேயே அதை அவாப் சட்டம் என்கிறார்கள். 2025 அக்டோபர் 27இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரம், பூஞ்சணம் என்று புகார் வந்தால் பத்து வேலை நாளில் ஆய்வு செய்ய வேண்டும், முடித்து மூன்று வேலை நாளில் முடிவை எழுத்தில் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும், ஆபத்து உறுதியானால் ஐந்து வேலை நாளில் சரிசெய்ய வேண்டும், உயிருக்கு அவசரம் என்றால் 24 மணி நேரம். வெள்ளைக்காரன் நாட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கேயும் ஒரு கறுப்புக் குழந்தை சாக வேண்டியிருந்தது. 'உன் பழக்கம்தான் காரணம்' என்று சொல்லி இனி தப்ப முடியாது என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே சென்னையில், புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடியில் 2021 ஆகஸ்டில் என்ன நடந்தது? புதுச் சுவரைக் கையால் தொட்டால் பூச்சு உதிர்ந்ததை டி.வி.யில் நாடே பார்த்தது. ஐ.ஐ.டி.யை வைத்து ஆய்வு செய்ய வைத்தார்கள். அங்கே 'பராமரிக்கவில்லை' என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் வீடு அவ்வளவு புதுசு. இருபது வருசம் கழித்து உதிர்ந்திருந்தால் அதே வாக்கியத்தை எழுதியிருப்பார்கள்.

ஒரு தோழரிடம் இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். "தோழர், ஆணவக் கொலை நடக்குது, கொடி ஏத்துனா வெட்டுறானுங்க, நீங்க இன்னா பூஞ்சக்காளான் புடிச்சிக்கினு இருக்கீங்க?" என்றார். கோபம் நியாயமானதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் ஏன் மெத்தை வீடு கேட்டோம்? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். கூரை இருக்கிறவரை நெருப்புப் பயம் இருந்தது. கான்கிரீட் வீடு என்பது நமக்கு வசதி இல்லை, உயிர்ப் பாதுகாப்பு. அந்தக் கோரிக்கையை வாங்கிக்கொண்டு, நெருப்புக்குப் பதில் தண்ணீரால் சாகிற வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் என்ன நடந்தது? அருந்ததியர் குடியிருப்பை ஒட்டி நின்ற தனியார் கருங்கல் சுவர், மழையில் ஊறி, தூங்கிக்கொண்டிருந்த வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர். அந்தச் சுவர் ஆபத்து என்று முன்பே சொன்னோம் என்று மக்கள் அழுதார்கள். அது வெட்டு இல்லையா? அரிவாள் எடுத்து வந்தால் எதிரி முகம் தெரிகிறது. ஓதத்துக்கு முகம் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் நாம் நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். நம் இயக்கங்கள் பட்டாவுக்குப் போராடின, எத்தனை வீடு என்று எண்ணிக்கைக்குப் போராடின. கலவைக்குப் போராடவில்லை. சாவி கொடுக்கிற விழாவில் நாமும் மேடையில் உட்கார்ந்தோம். கொத்து வேலை, கம்பி வேலை, சித்தாள் வேலை எல்லாம் நம் ஜனங்கள் செய்வது. ஊரெல்லாம் நல்ல வீடு கட்டிக் கொடுக்கிற கை நம்முடையது. நம் வீட்டில் எது போடவில்லை என்று நமக்குத் தெரியாதா? தெரிந்தும் சும்மா இருந்தோம். என்னைப்போல எழுதிக் கொடுத்தவனும் உண்டு.

2024இல் தமிழக அரசு பழைய அரசு வீடுகளைப் பழுது பார்க்கத் திட்டம் போட்டது, கலைஞரின் கனவு இல்லம் என்று 3.50 லட்சத்தில் புது வீடும் அறிவித்தது. பணம் வருகிறது. அது மறுபடி பெயிண்டாகவும் பூச்சாகவும் போய்விடக் கூடாது என்றால், ஆய்வை நாமே முதலில் செய்ய வேண்டும். தோழர்கள் தங்கள் சேரியில் இதைச் செய்து பார்க்கலாம்.

மழை விட்டதும் சுவரில் ஈரம் நிற்கிற மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் பாருங்கள். கோடு தரைக்கு இணையாக நீளமாகப் போனால் பெரும்பாலும் ஈரம் மண்ணிலிருந்து. மேலேயிருந்து வழிந்த கறையானால் தளத்திலிருந்து.

கைக்குட்டை அளவு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் தண்ணீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் கோத்தால் அறைக் காற்றிலிருந்து, அங்கே ஜன்னல் போதவில்லை.

கூரையின் அடியைக் கம்பால் தட்டுங்கள். பொத்தல் சத்தம் கேட்கிற இடத்துக்குக் கீழே குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.

2005ஆம் வருசத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அளவுப் புத்தகத்தின் நகல் கேளுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் நமக்கு உரிமை இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. டி.பி.சி. போட்டதாக எழுதியிருந்தால், சுவரைக் கொஞ்சம் சுரண்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நம் கோரிக்கையும் இதிலிருந்துதான் வர வேண்டும். ஆய்வு என்றால் வீட்டுக்குள் வந்து செய்யும் ஆய்வு. அதன் நகல் அன்றே குடியிருப்பவர் கையில். ஓதத்தின் காரணத்தை எழுதாமல் 'பராமரிப்பின்மை' என்று எழுதும் அறிக்கை செல்லாது. வடிகால் வெட்டாமல், ரோட்டைச் சுரண்டாமல் சுவருக்கு மட்டும் பூச்சு போடுவது பழுது பார்த்தல் ஆகாது. புகாருக்குக் கெடு நாள், தவறினால் பொறுப்பானவர் சம்பளத்தில் பிடித்தம். கடைசி பில் பாஸ் ஆவதற்கு முன் வீடு ஒரு மழைக்காலம் கண்டிருக்க வேண்டும்.

பெரியம்மா வீட்டுச் சுவரில் நானும் கோடு போட்டுவிட்டு வந்தேன். நான் அளவு எழுதின நாற்பது வீட்டிலும் போட்டேன். அங்கே நான் யார் என்று சொல்லித்தான் போட்டேன். ஒரு பெரியவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். "திட்டுனது போதும், எதெது போடலன்னு எழுதிக் குடு" என்றாள் அந்த இளைப்புப் பையனின் அம்மா. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதை எங்கே கொடுக்கிறார்களோ, அங்கே வந்து நிற்பேன்.

அடுத்த தடவை வருகிற அதிகாரி வாசலோடு நின்றுவிட்டுப் போகக் கூடாது. உள்ளே வரச் சொல்லுங்கள். செவுத்தத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கள்.